தங்கமா உப்பா, எல்லாம் நின்னு போச்சுன்னா எது கை கொடுக்கும்?

அரசாங்கம், பேங்க், கரண்ட் எதுவுமே இல்லாத நிலைமைன்னா எல்லாரும் முதல்ல தங்கத்ததான் சொல்றாங்க, அது துரு பிடிக்காது, எத்தனை வருஷம் மண்ணுல புதைச்சு வச்சாலும் அப்படியே இருக்கும், சின்ன பையில பெரிய மதிப்ப தூக்கிட்டு போயிடலாம், அதெல்லாம் உண்மைதான்.

ஆனா பசியோட நிக்கிறவன்கிட்ட ஒரு மோதிரத்த நீட்டினா அவன் என்ன பண்ணுவான்? அது சுத்தமானதான்னு பாக்க அவன்கிட்ட உரைகல்லும் இல்ல, மீதி சில்லறை தரவும் வழியில்ல, மோதிரத்த கால்வாசி வெட்டியா குடுக்க முடியும்!

உப்பு அப்படி இல்ல, ஒரு கைப்பிடி, அரை டம்ளர்னு எப்படி வேணாலும் அளந்து குடுக்கலாம், ஃப்ரிட்ஜ் ஓடாதப்போ மீனையும் கறியையும் கெடாம வைக்கறதே அதுதான். வயித்துப்போக்கு வந்த குழந்தைக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா உயிரே தப்பிக்கும், அந்த நேரத்துல அதோட மதிப்ப எந்த தராசுல போடுவீங்க? ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் ஜெர்மனில 1948 வரைக்கும் சிகரெட்டே காசு மாதிரி ஓடுச்சு, எல்லாருக்கும் தெரிஞ்ச பொருள், எண்ணி குடுக்கலாம், அதான் காரணம்.

உப்புக்கு குறைன்னா வெயிட், ஈரம். கடலோரமா இருந்தா மதிப்பும் இருக்காது. காத்து புகாத டப்பால போட்டு உப்பதான் நான் முதல்ல சேப்பேன், தங்கம் நிலைமை திரும்பினப்புறம் உதவும்.