பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சு குடுத்தவங்க பத்தி: ஒரு வாரம் கேள்வி மட்டும்தான் கேட்டாங்க

கும்பகோணத்துல ரெடிமேட் கடை வச்சிருக்கோம், ரெண்டு கவுன்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில இருக்கற இந்த சின்ன டீம்கிட்ட பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சு வாங்கி நாலு மாசம் ஆச்சு, இப்பதான் எழுத நேரம் கிடைச்சுது.

எங்களுக்கு என்னென்ன வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போனேன், அதுல ஒரு வரி "டிஸ்கவுண்ட் 10% போகணும்". இதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட இதே வரியத்தான் சொன்னேன், சரிங்கண்ணான்னு கேட்டுட்டு மூணே நாள்ல முடிச்சு குடுத்துட்டாரு. 2025 செப்டம்பர் 22ல இருந்து துணிக்கு பீஸ் 2,500 ரூபா வரைக்கும் 5%, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டின்னு ஆச்சில்ல, தீபாவளி ஆஃபர்ல வரி இல்லாம 2,700 ரூபா ஷர்ட்டு, 10% போனா 2,430, அப்ப 5% தான வரணும், 121.50. அந்த சாஃப்ட்வேர் கழிக்கறதுக்கு முந்தின விலைய பாத்து, 2,430க்கு 18% போட்டு 437.40 வாங்கிடுச்சு. ஒரு கஸ்டமர் பில்லோட திரும்பி வந்து கேட்டப்ப எங்கப்பா முகத்த பாக்க முடியல.

இவங்க அந்த வரிய படிச்சதுமே, தள்ளுபடி ஒவ்வொரு பீஸுக்குமா மொத்த பில்லுக்கா, வரி போடறது தள்ளுபடி கழிச்சதுக்கு அப்புறமா முன்னாடியா, ரவுண்ட் ஆஃப் எங்கன்னு கேட்டாங்க. "ஸ்டாக் தீந்தா சொல்லணும்"னு எழுதியிருந்தேன், டிசைன் தீந்தாலா சைஸ் தீந்தாலான்னாங்க. அட ஆமா, 40 சைஸ் ஒண்ணுகூட இல்லாம மத்த சைஸ்ல 12 பீஸ் கிடந்தா எனக்கு அது தீந்த மாதிரிதான், ஆனா நான் அத சொல்லவே இல்லையே.

ஒரு ஞாயித்துக்கிழமை ஃபுல்லா கவுன்டர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தாங்க. பழைய பில் 20 எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் என்ன தொகை வரணும்னு எங்க ஆடிட்டர் கையாலயே எழுத வச்சாங்க, சாஃப்ட்வேர் முடிஞ்சதும் அதே 20ஐயும் போட்டு பைசா சுத்தமா வருதான்னு எங்க முன்னாடியே காட்டுனாங்க. முன்னாடி 12% வரியோட வித்த 1,800 ரூபா ஷர்ட்டு இப்ப ரிட்டர்ன் வந்தா எந்த ரேட்டுங்கறதும் அவங்க கேட்டதுதான், எங்களுக்கு தோணவே இல்ல. பழைய பில்லு ரேட்டுன்னு ஆடிட்டர் சொன்னாரு, அப்படியே வச்சிருக்காங்க.

குறைன்னா ஒன்பது நாள் வரைக்கும் ஸ்கிரீன்ல ஒண்ணுமே கண்ணுல காட்டல, எங்கப்பா பொறுமை போய் அட்வான்ஸ திருப்பி கேளுன்னு சொல்ற அளவுக்கு போயிட்டாரு. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல போன் எடுக்க மாட்டாங்க, எங்களுக்கு அப்பதான் கூட்டமே. பில்லுல எழுத்தும் பொடிசா இருக்கு, சொல்லியிருக்கேன்.

5க்கு 4 ஸ்டார். அடுத்து அண்ணனோட ஹோல்சேல் கடைக்கும் இவங்கதான், நேத்து அவன்கிட்டயும் கேள்விய ஆரம்பிச்சுட்டாங்க.