பேருந்தில் மடக்கு சைக்கிள்: 16 அங்குலமா, 20 அங்குலமா, பகிர்வு சைக்கிளே போதுமா?

சிங்கப்பூரில் மடக்கு சைக்கிள் வாங்கப் போவதாகச் சொல்லும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, "ரயிலில் கொண்டு போகவா, பேருந்தில் கொண்டு போகவா?" என்பதைத்தான். இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றில்லை. எம்ஆர்டியில் மின்தூக்கி இருக்கிறது, அகலமான கட்டண வாயில் இருக்கிறது, முதல் பெட்டியிலோ கடைசிப் பெட்டியிலோ ஓரமாக நின்றுகொள்ளலாம். பேருந்தில் ஓட்டுநரைத் தாண்டி உள்ளே போகிற அந்த நாலடி வழியே ஒரு சோதனை. அதற்குப் பிறகு பிரேக், வளைவு, மறுபடி பிரேக்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் கூட்டம் குறைந்த நேரங்களில் மட்டும்தான் மடக்கு சைக்கிளை ஏற்ற முடியும். 2016 ஜூன் மாதம் ஆறு மாதச் சோதனையாக நாள் முழுவதும் அனுமதித்தார்கள். அந்த டிசம்பரில் அதுவே நிரந்தரமானது. மடக்கிய பிறகு அளவு 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்தைத் தாண்டக்கூடாது. பயணம் முழுக்க மடக்கியபடியே இருக்க வேண்டும். இரட்டை மாடிப் பேருந்தில் மேல்தளத்துக்கோ படிக்கட்டுக்கோ கொண்டுபோகக் கூடாது. கதவையும் நடைவழியையும் மறிக்கக் கூடாது.

120 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அந்த நீளத்தைப் பெரும்பாலான மடக்கு சைக்கிள்கள் தொடுவதில்லை. கடிக்கிற எண் 40.

நான் முதலில் வாங்கியது 20 அங்குலச் சக்கரம் கொண்ட, நடுவில் ஒரே கீல் உள்ள சைக்கிள். டாஹோன், டெர்ன் போன்ற பெயர்களில் கடைகளில் நிறையப் பார்க்கலாம். ஓட்டுவதற்கு அருமையான வண்டி. பூங்கா இணைப்புப் பாதையில் முப்பது கிலோமீட்டர் போனாலும் முதுகு வலிக்காது. பெரிய சக்கரம் என்பதால் பழைய ரயில் தடத்தை நடைபாதையாக்கிய ரயில் காரிடாரின் மண் பாதையிலும் கை அதிராது. ஆனால் மடக்கினால் சுமார் 80 செ.மீ. நீளம், 65 செ.மீ. உயரம், 35 முதல் 40 செ.மீ. அகலம் வரும். பெடலை மடக்க மறந்தாலோ ஹேண்டில் சற்று விலகி நின்றாலோ 40 தாண்டிவிடும். எடை 12 கிலோ அளவில் இருக்கும். அந்த எடை பெரிதில்லை, அதன் வடிவம்தான் பிரச்சினை. உடம்போடு ஒட்டாமல் முழங்காலில் இடித்துக்கொண்டே வரும். பேருந்தின் முன்கதவு வழி, இரண்டு முன்சக்கர மேடைகளுக்கு நடுவே குறுகிப் போகிறது. ஒரு கையில் கட்டண அட்டை, மறு கையில் இந்த வண்டி, பின்னால் எட்டுப் பேர் வரிசை. அந்தப் பத்து விநாடியில் வியர்த்துவிடும்.

உள்ளே போன பிறகு இன்னொன்று. பல 20 அங்குல வண்டிகளில் மடக்கினாலும் செயின் வெளிப்பக்கமாகவே இருக்கும். ஒருமுறை வளைவில் ஓட்டுநர் பிரேக் போட்டதும் என் வண்டி சாய்ந்து பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவின் காலில் விழுந்தது. அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அவர் வெளிர்நிறக் கால்சட்டையில் செயின் கறை கோடு போட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டேன், அவரும் பரவாயில்லை என்றார். அன்றிலிருந்து இரண்டு வெல்க்ரோ பட்டையும் செயினை மூட ஒரு துணிப்பையும் இல்லாமல் நான் பேருந்தில் ஏறுவதில்லை. நீங்களும் ஏறாதீர்கள்.

16 அங்குலச் சக்கரம் கொண்ட மூன்று மடிப்புச் சைக்கிள் இங்கேதான் ஜெயிக்கிறது. இதன் மூலவர் பிராம்ப்டன். 1970களின் நடுவில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் தன் வீட்டில் வைத்து வடிவமைத்தது. ஜன்னலுக்கு எதிரே தெரிந்த தேவாலயத்தின் பெயரை அதற்கு வைத்தார். பின்சக்கரம் அடியில் உருண்டு உள்ளே போகும், முன்சக்கரம் பக்கவாட்டில் மடங்கும், ஹேண்டில் கீழே விழும். செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். மடக்கிய அளவு ஏறக்குறைய 65க்கு 59க்கு 27 செ.மீ. அந்த 27தான் பேருந்தில் உயிர். நடைவழியில் ஒரு பயணப் பெட்டியை விடப் பெரிதாகத் தெரியாது. சின்ன உருளைகளின் மேல் தானாக நிற்கும். சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே சந்திப்பு நிலையத்தில் நடக்கலாம், தூக்க வேண்டியது ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான். பழகியவருக்கு மடக்க இருபது விநாடி போதும்.

குறைகளும் உண்டு. 16 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தையும் உங்களுக்குச் சொல்லும். விலை மூலவருக்கு இரண்டாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். பழைய காப்புரிமை முடிந்துவிட்டதால் அதே மடிப்பில் வேறு நிறுவனங்களும் கணிசமாகக் குறைந்த விலையில் செய்கின்றன. கீலும் பூட்டும் உறுதியாக இருந்தால் அவற்றை வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அப்புறம், தானாக நிற்கும் என்று சொன்னேனே, அந்த உருளைகள் பிரேக் போட்டால் உருளவும் செய்யும். காலை முட்டுக் கொடுத்துத்தான் நிற்க வேண்டும்.

எங்கே நிற்பது? எந்தச் சைக்கிளானாலும் பேருந்தில் காலியான தரை ஒன்றுதான்: பின்கதவுக்கு எதிரே இருக்கும் சக்கர நாற்காலி இடம். 2020 முடிவிலிருந்து இங்குள்ள எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலி ஏறலாம். 2017இலிருந்து குழந்தைகளின் தள்ளுவண்டியையும் மடக்காமல் ஏற்றலாம். ஆகவே அந்த இடம் நமக்கு இரவல்தான். சக்கர நாற்காலியில் ஒருவர் நிறுத்தத்தில் காத்திருப்பது தெரிந்தால் யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல் நான் நகர்ந்துவிடுவேன். நகர இடமில்லை என்றால் இறங்கிவிடுவேன். நம்மிடம் சைக்கிள் இருக்கிறது, விரித்து ஓட்டிப் போய்விடலாம். அவருக்கு அடுத்த பேருந்துதான் வழி.

சரி, இவ்வளவு பாடு எதற்கு, செயலியில் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு விடுகிற பகிர்வு சைக்கிள் நிறுத்தத்துக்கு நிறுத்தம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2017இல் அவை முதலில் வந்தபோது நடைபாதை, புல்வெளி, கால்வாய் ஓரம் என்று எங்கும் குவிந்து கிடந்தன. 2018க்குப் பிறகு உரிமம், மஞ்சள் பெட்டி (சைக்கிளை நிறுத்தத் தரையில் மஞ்சள் கோட்டால் குறித்த இடம்), கியூஆர் குறியீடு என்று ஒழுங்கு வந்தது. வீட்டு அடுக்குமாடி புளோக்கின் கீழிருந்து எனிவீல் நிறுவனத்தின் பகிர்வு சைக்கிள் ஒன்றை எடுத்து, பேருந்து நிறுத்தம் வரை மிதித்து, மஞ்சள் பெட்டியில் விட்டு, குறியீட்டை ஸ்கேன் செய்துவிட்டால் கையில் சுமை இல்லை. (ஸ்கேன் செய்யாமல் போனால் ஐந்து வெள்ளி பிடிப்பார்கள்.) மாலையில் மழை பிடித்துக்கொண்டால் சைக்கிளைப் பற்றி நினைக்காமல் குடையோடு வீடு திரும்பலாம். இந்த ஊர் மழையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும்.

ஆனால் பகிர்வு சைக்கிளைப் பேருந்தில் ஏற்ற முடியாது. இறங்கும் இடத்திலும் இன்னொன்று கிடைத்தால்தான் கணக்கு சரியாக வரும். காலை எட்டரைக்கு எல்லாரும் எடுத்துப் போன பிறகு மஞ்சள் பெட்டி மட்டும் இருக்கும். கிடைத்தாலும் சீட் உங்கள் உயரத்துக்கு ஏறுமா, பிரேக் பிடிக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். என் அனுபவத்தில், வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஒரு முனையில் மட்டும் சைக்கிள் தேவைப்படுகிறவருக்கு இதுதான் சிறந்தது. மடக்கு சைக்கிள் வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம். சொந்தச் சாதாரண சைக்கிளை நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டுப் போவதும் இதே கணக்குதான், அதில் திருட்டுப் பயம் கூடுதல்.

மடக்கு சைக்கிளுக்கு மாற்றே இல்லாத பயணம் ஒன்று எனக்கு உண்டு. ஞாயிறு விடிகாலை 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ். அங்கே எம்ஆர்டி கிடையாது. இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு, கடலோரப் பாதையில் விமான நிலையத்தை ஒட்டி ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை மிதித்து, களைத்த இடத்தில் மடக்கி, வேறொரு பேருந்திலோ மரீன் பரேட் எம்ஆர்டியிலோ திரும்பிவிடுவேன். போன வழியே திரும்ப வேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. இதற்கு 20 அங்குல வண்டி ஓட்டச் சுகம், 16 அங்குல வண்டி ஏற்றச் சுகம். மூன்று வருடம் முதலாவதை வைத்திருந்து, பிறகு இரண்டாவதற்கு மாறினேன். மாறிய பிறகுதான் பேருந்தில் அடிக்கடி ஏறத் தொடங்கினேன்.

என் மைத்துனருக்குத் தொழிற்பேட்டையில் இரவு வேலை. நிறுத்தத்திலிருந்து ஆலைக்கு இரண்டு கிலோமீட்டர், வீட்டுப் பக்கமும் கொஞ்சம் தூரம். இரண்டு முனையிலும் சைக்கிள் வேண்டும், அந்த நேரத்தில் பகிர்வு சைக்கிளை நம்ப முடியாது. அவருக்குப் பழைய பொருள்களை விற்கும் இணையச் சந்தையான கரோசெலில் மூன்று மடிப்பு ஒன்று பார்த்துக் கொடுத்தேன். விற்பவர் வீட்டுக்குப் போனதும் மைத்துனர் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார். நான் தடுத்தேன். முதலில் மடக்கச் சொன்னேன். கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு ஒரு கையில் பையும் மறு கையில் சைக்கிளுமாக அந்த புளோக்கின் படியில் ஒரு மாடி ஏறி இறங்கச் சொன்னேன். இறங்கி வந்து மூச்சு வாங்காமல் "சரி மச்சான், எடுத்துக்கலாம்" என்றார். அதற்குப் பிறகுதான் ஓட்டிப் பார்த்தோம்.