செங்கோட்டையில் வாங்கிய வேங்கை மர டம்ளரும் கூடவே வந்த அட்டையும்

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் சாலையோரக் கடை ஒன்றில் அம்மாவுக்காக வேங்கை மர டம்ளர் வாங்கினேன். விலை 280 ரூபாய். கடைசல் வேலை அருமை. ஒரே கட்டையில் குடைந்திருக்கிறார்கள். விளிம்பில் சிராய் இல்லை, அடியில் ஒட்டு இல்லை. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்துவிடுகிறது. அதைக் கண்ணாடிக் குவளைக்கு மாற்றி வெயிலில் பிடித்தால் ஓரத்தில் நீலம் மினுங்குகிறது. சாயம் ஏற்றிய கட்டையைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் இந்த நீலத்தைத்தான் பார்க்க வேண்டும். ருசி இலேசான துவர்ப்பு. வேங்கைப் பாலில் குழந்தைகளுக்குப் பொட்டு வைத்துப் பழகிய அம்மா, முகம் சுளிக்காமல் குடிக்கிறார். சோப்புப் போடாமல் கழுவி, நிழலில் கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

என் புகாரெல்லாம் டம்ளரோடு வந்த விளம்பர அட்டையின் மீதுதான். ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று கணினி ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். கல்லூரியில் உயிர்த்தகவலியல், அதாவது உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் பாடம், நடத்துகிறவள் நான். இந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த ஆய்வில் நடப்பது இதுதான். முதலில் தாவரத்தில் உள்ள வேதிப்பொருள்களைப் பட்டியலிடுவார்கள். நம் மூலிகைகளுக்கென்றே சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் ‘இம்பாட்’ என்ற தரவுத்தளத்தை உருவாக்கியிருக்கிறது. என் மாணவர்கள் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். வேங்கையில் டெரோஸ்டில்பீன், எபிகேட்டச்சின் போன்றவை இருக்கின்றன. அடுத்து, நோயோடு தொடர்புள்ள ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை எடுப்பார்கள். குடலில் மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதி அப்படி ஒன்று. ‘ஆட்டோடாக் வினா’ போன்ற மென்பொருள், மூலக்கூறைப் புரதத்தின் குழிவில் பல கோணங்களில் பொருத்திப் பார்த்து, எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதை ஓர் எண்ணாக மதிப்பிடும்.

பட்டியலில் உள்ள எதை முதலில் சோதனைக் குழாயில் போடலாம் என்று அது வழிகாட்டும். அதனால்தான் அதை நான் ஆசையோடு கற்பிக்கிறேன். ஆனால் அந்தப் பொருள் குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரலைத் தாண்டுமா, எவ்வளவு குடிக்க வேண்டும் என்பவற்றுக்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. அதோடு டெரோஸ்டில்பீன் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். டம்ளரோ தண்ணீர் கரைத்துக் கொடுப்பதை மட்டுமே கொடுக்கும்.

மனிதர்களிடம் செய்த ஆய்வு இருக்கும்போது அதை அட்டையில் சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அவர்களுக்குக் கொடுத்தது அளந்த வேங்கைச் சாறு. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. டம்ளர் தண்ணீரிலோ அளவு என்பதே இல்லை. புதிதில் அடர்ந்து இறங்கிய நிறம் போகப்போக வெளுக்கிறது.

கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். “டீச்சர், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள்” என்றார். படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், ‘மருந்தை நிறுத்த வேண்டாம்’ என்ற வரியை அடுத்த அச்சில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

டம்ளரைத் தயங்காமல் வாங்கலாம். அம்மா தன் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைத் தொடர்கிறார். இந்த டம்ளர் தண்ணீரைக் குடிப்பதை மருத்துவரிடமும் சொல்லிவிட்டோம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து போகும் வாய்ப்பு ஏற்கெனவே உண்டு.