யேவே சாலைக் கல்லறைக் கல் கடை: தமிழில் வெட்டித் தருகிறார்கள்

எங்கள் மகன் மூன்று நாள்தான் இருந்தான். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டான். அவனுக்குக் கல் வைக்க யாங்கூனில் பல இடம் அலைந்து, கடைசியில் யேவே கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற சாலையில் ஒரு கடையில் கொடுத்தோம். போர்டு முழுக்க பர்மிய எழுத்துதான். தமிழில் வெட்டித் தருவார்களா என்று தேடும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

கல் எடுத்தது சீக்கிரம் முடிந்தது, ஒன்றரை அடி வெள்ளைச் சலவைக்கல். வாசகம் என்ன என்று கேட்டார்கள், எங்களிடம் பதில் இல்லை. நான் பாப்டிஸ்ட், மனைவி கத்தோலிக்கர். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு வசனம் எதற்கு என்று சொந்தத்தில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டார், அதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. கடைக்கார அம்மா முன்பணத்தை வாங்கிக்கொண்டு, முடிவானதும் வாருங்கள், கல்லை எடுத்து வைக்கிறேன் என்றார். இரண்டு மாதம் ஆனது. ஒரு தடவைகூடப் போன் பண்ணி அவசரப்படுத்தவில்லை. இந்தக் கடையை நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்த இரண்டு மாதத்தில் விசாரித்தோம். ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்று பழைய காலத்துச் சபை அறிஞர் அகுஸ்தீன் சொன்னார். பிறகு வந்தவர்கள் அதைத் தணித்து, வேதனை இல்லாத, ஆனால் கடவுளைக் காணாத ‘லிம்போ’ என்ற நிலை என்றார்கள். அது சபை கட்டாயமாக்கிய விசுவாசம் அல்ல என்றும், 2007இல் ரோமின் இறையியல் குழு இப்படிப்பட்ட குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குப் பலமான காரணம் உண்டு என எழுதியது என்றும் அவள் பங்குச் சாமியார் பொறுமையாகச் சொன்னார். எங்கள் போதகரோ பர்மாவுக்கு வந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜட்சன் தம்பதியைப் பற்றிச் சொன்னார். 1813இல் மதராஸிலிருந்து ரங்கூன் வரும் கப்பலில் அவர்களுக்கு முதல் பிள்ளை இறந்தே பிறந்தது, அடுத்த மகன் ரோஜர் 1816இல் எட்டு மாதத்திலேயே போனான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானமே கொடுக்காத சபை எங்களுடையது, எங்களுக்குத் தாவீது ராஜா தன் பிள்ளை செத்தபோது சொன்னது போதும் என்றார். ‘நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை.’ இது வெறும் கல்லறையைத்தான் சொல்கிறது என்பவர்களும் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்லறை மட்டும்தான் என்றால், பிள்ளை செத்த அன்றே அந்த மனுஷன் எழுந்து குளித்து, ஆண்டவரைப் பணிந்து, சாப்பாடு கேட்டிருப்பானா?

அந்த வசனமே போதும் என்றேன். பிள்ளையை ‘அது’ என்பது மனைவிக்குப் பிடிக்கவில்லை. ‘நாங்கள் உன்னிடத்துக்கு வருவோம்’ என்று அவளே எழுதினாள், கீழே 2 சாமுவேல் 12:23.

சரி, வேலை எப்படி? கல் தச்சருக்குத் தமிழ் தெரியாது. நாம் கொடுக்கும் தாளைக் கல்லில் ஒட்டி அதன் மேலேயே உளி வைக்கிறார். தாளில் புள்ளி மங்கலாக இருந்தால் கல்லில் வராது. எங்களுக்கு ‘உன்னிடத்துககு’ என்று வந்தது, காட்டியதும் அப்போதே புள்ளி வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. எழுத்து ஆழமாக, ஓரம் சிதறாமல் இருக்கிறது. சொன்ன நாளுக்குப் பத்து நாள் தாமதம், அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

போகிறவர்கள் பெரிய எழுத்தில், கறுப்பாக அச்சடித்து எடுத்துப் போங்கள், வெட்டிய பிறகு ஒவ்வொரு புள்ளியையும் விரல் வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் நட வேண்டாம், மண் இறங்கிக் கல் சாயும் என்று அந்த அம்மாவே தடுத்தார். நாங்கள் நவம்பரில் நட்டோம், இதுவரை நேராகத்தான் நிற்கிறது.