வாசல் தளத்துக்குக் கான்கிரீட்: செலவும் மேற்பரப்பும்

திருச்சியில் எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து போர்டிகோ வரையிலான 30 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட பாதைக்குக் கான்கிரீட் போடும் வேலையைச் சென்ற கோடையில் உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்தோம். ஒரு மழைக்காலம் கடந்த பிறகே வேலையின் தரம் தெரியும் என்பதால், இவ்வளவு நாள் பொறுத்து இதை எழுதுகிறேன்.

துடைப்பக் கோடு இழுத்த சாதாரணப் பரப்புக்குச் சதுர அடிக்கு 105 ரூபாயும், அச்சுப் பதித்து வண்ணம் ஏற்றும் ஸ்டாம்ப்டு கான்கிரீட்டுக்கு 185 ரூபாயும் கேட்டார். 420 சதுர அடிக்கு வித்தியாசம் மட்டும் 33,600 ரூபாய். அச்சு, வண்ணப்பொடி, மேலே பூசும் சீலர் ஆகியவற்றுக்கே அந்தப் பணம் போகிறது. அடியில் இருப்பது அதே 4 அங்குலக் கான்கிரீட்தான். சீலரையும் சில ஆண்டுகளுக்கொரு முறை மறுபடி பூச வேண்டும்.

விலைப்பட்டியல் சரிதானா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. 4 அங்குல கனத்துக்கு 140 கன அடி, அதாவது ஏறக்குறைய 4 கன மீட்டர் கலவை வேண்டும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற எம்20 விகிதத்தில் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். 32 மூட்டைகளும் இறங்கியதை நானே எண்ணிப் பார்த்தேன். ஆனால் கான்கிரீட்டுக்கு அடியில் கிராவல் கொட்டிக் கெட்டிப்படுத்தும் செலவு பட்டியலில் இல்லை. அது தனியாக வந்தது. முன்பே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

பாதை தெருவை நோக்கி வாட்டமாக இறங்குகிறது, அம்மா தினமும் அதில் நடக்கிறார். ஆகவே வழுவழுப்பான பரப்பு வேண்டாம் என்று துடைப்பக் கோட்டையே தேர்ந்தெடுத்தோம். மேலே கசிந்து நின்ற நீரின் பளபளப்பு மறையும்வரை மேஸ்திரி காத்திருந்து, பரப்பைச் சமப்படுத்தும் மணியாஸ் கட்டையால் தேய்த்து, வாட்டத்துக்குக் குறுக்காக ஒரே இழுப்பில் துடைப்பத்தை இழுத்தார். அந்தக் கோடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஐப்பசி அடைமழையிலும் கால் வழுக்கவில்லை. மறுநாள் காலையில் ஏழு, ஏழரை அடிக்கு ஒன்றாக ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டுக்கோடும் போட்டுக் கொடுத்தார். விரிசல் விட்டிருந்தால் அந்த வெட்டுக்கோடுகளுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். வெளியே ஒன்றும் தென்படவில்லை.

குறை, கேட்டை ஒட்டிய கடைசிப் பகுதியில்தான். இருட்டிவிட்டதால் நீர் வற்றும்வரை பொறுக்காமல், கொத்தனார் ஒருவர் அதன்மேல் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்த்துவிட்டார். இப்போது அங்கே பெருக்கும்போதெல்லாம் சாம்பல் நிறப் பொடி கிளம்புகிறது.

கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைத்திருக்கும், அதாவது நீராற்றும் பொறுப்பும் எங்கள் தலையில்தான் விழுந்தது. பிபிசி (PPC) எனப்படும் போசலானா கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் 14 நாள் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. வாட்டமான தளத்தில் பாத்தி கட்டினால் தண்ணீர் நிற்காது. ஆகவே சணல் சாக்குகளை விரித்து, அந்த 14 நாளும் காய விடாமல் நனைத்து வந்தோம்.

பொடி உதிரும் பகுதியைத் தேய்த்தெடுத்து, பரப்பைக் கெட்டிப்படுத்தும் திரவத்தைத் தம் செலவிலேயே பூசித் தர ஒப்பந்தக்காரர் இசைந்திருக்கிறார். தளம் நன்றாக உலர்ந்ததும், தை மாதத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.