கல் ஷப்தியா, நீல ஷப்தியா?

இறந்தவருக்குப் பதிலாக மறு உலகில் வயல் வேலை செய்ய, எகிப்தியர் கல்லறையில் வைத்த சின்னப் பொம்மைதான் ஷப்தி. கூப்பிட்டால் "இதோ இருக்கிறேன்" என்று அது பதில் சொல்ல வேண்டும். அதற்கான மந்திரத்தை அதன் உடம்பிலேயே எழுதிவிடுவார்கள்.

நீல ஷப்திகள் ஃபயான்ஸால் ஆனவை. ஃபயான்ஸ் என்பது அரைத்த குவார்ட்ஸ் பொடியைக் காரத்தோடு பிசைந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டது. செம்பு சேர்வதால் நீலப் பளபளப்பு வரும். மளமளவென்று செய்யலாம். ஆளுக்கு ஒன்றிரண்டு என்று இருந்தது, பிற்காலத்தில் நாளுக்கு ஒன்றாக 365, மேற்பார்வைக்கு 36, ஆக 401 என்று பெருகியதற்கு இந்த அச்சு முறை பெரிய துணை. அமுன் கடவுளின் தலைமைப் பூசாரியான இரண்டாம் பினெட்ஜெமின் ஷப்திகளில் அடர் நீலத்தின் மேல் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும். அழகுதான்.

ஆனாலும் என் மனசு கல் பக்கம். கல்லில் ஒவ்வொன்றையும் தனியாகச் செதுக்கியாக வேண்டும். எகிப்தையும் சூடானையும் ஆண்ட தஹார்கா மன்னரின் பிரமிடில், சூடானின் நூரியில், 1917-இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ரைஸ்னரின் குழு 1,000-க்கும் மேற்பட்ட கல் ஷப்திகளைக் கண்டெடுத்தது. அவற்றில் ஒன்றை உற்றுப் பாருங்கள்: அகன்ற முகம், தடித்த உதடு, மார்பில் குறுக்காக வைத்த கைகளில் மண்வெட்டி, அதற்குக் கீழே வரிவரியாக வெட்டிய எழுத்து. அடுத்ததை எடுத்தால் கல்லின் நிறம் வேறு, முகமும் கொஞ்சம் வேறு. அச்சில் வார்த்த வரிசையில் இது கிடைக்காது.