தார்த் தரையில கிராக் அடைக்க ஆள் விடுறவங்க பாத்துக்கிடுங்க, சீலன்டை கருக்கி ஊத்திட்டு போறானுவ

மார்த்தாண்டம் பக்கம் எனக்க மாமாவுக்க மண்டபம் ஒண்ணு இருக்கு, முன்னால கார் பார்க்கிங் முழுக்க தார் போட்டது, அதுல நெடுக வெடிப்பு விழுந்து கெடந்துது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்ன அடச்சிரணும், இல்லேன்னா வெள்ளம் உள்ள இறங்கி அடி ஜல்லி இளகி குழியாயிரும்னு ஒரு கான்ட்ராக்டரை புடிச்சோம். பேரு வேண்டாம், கேஸு கீஸுன்னு அலைய நம்மளால முடியாது.

சரக்கு நல்ல சரக்குதான். ரப்பர் கலந்த ஹாட் சீலன்ட், அதாவது உருக்கி வெடிப்புல ஊத்துற ரப்பர் தாரு, பெட்டியில கட்டியா வரும். கெடுத்தது எல்லாம் அடுப்புல. ஒரு பழைய டிரம்மை கல்லு மேல தூக்கி வச்சு அடியில நேரா தீ. ரெட்டைச் சுவர் கெட்டில், நடுவுல எண்ணெய், அந்த எண்ணெய் சூட்டுலதான் இது உருகணும், அது எங்க அண்ணேன்னு கேட்டா "20 வருஷமா இப்படித்தான் தம்பி"ங்காரு. தெர்மாமீட்டரும் இல்ல. ரொம்ப நச்சரிச்ச பிறகு சூடு பாக்குற கன்னை (துப்பாக்கி மாதிரி கருவி, மேல்சூட்டை மட்டும்தான் காட்டும்) எடுத்து மேலாக்க அடிச்சு காட்டுனாரு, 170 டிகிரி. கிண்டாம போட்ட டிரம்ல மேல 170ன்னா தீ படுற அடியில என்ன இருக்கும்? மஞ்சப் பொகை அப்படி கெளம்புது, பக்கத்து வீட்டு அக்கா வந்து ஒரே சண்டை. ஆளுவ சாப்பிடப் போனப்பவும் தீ எரிஞ்சிட்டேதான் கெடந்துது, போதாக்கொறைக்கு வேற எங்கயோ வேலை முடிஞ்சு மிஞ்சி உறைஞ்ச கட்டியையும் உள்ள தள்ளிட்டானுவ.

பெட்டியில தெளிவா அச்சடிச்சிருக்கு, ஊத்துற சூடு 190 டிகிரி, 205க்கு மேல ஏத்தாதேன்னு. அதுக்கு மேல போனா உள்ள இருக்க பாலிமர் அறுந்து போவும், இழுவை போயிரும், சிலது டிரம்முக்குள்ளயே ஜெல்லி மாதிரி ஆயிரும். சூடு சரியா இருந்தாக்கூட மணிக்கணக்கா வச்சிருந்தா தாரு கெட்டிச்சிரும். சூடு கம்மியானா வேற கூத்து, வெடிப்பு ஓரத்துல ஒட்டாம சும்மா மேல மூடி போட்ட கணக்கா இருக்கும்.

நமக்கு ரெண்டும் வாய்ச்சுது. மழை ரெண்டு தடவை நல்லா அடிச்சதும் ஓரம் தூக்கிடுச்சு. ஒரு நீளத்தை கையாலயே உரிச்சேன், அடிப்பக்கம் பூரா மண்ணு (ஊத்துறதுக்கு முன்ன கம்ப்ரஸர் காத்து வச்சு வெடிப்புல மண்ணை ஊதவே இல்ல, அது தனிக் கதை), மடக்குனா பட்டுன்னு ஒடியுது. ரப்பர் உள்ளது ஒடியுமா ஓய்? ஊத்தி முடிச்ச கடைசிப் பக்கம் இன்னும் மோசம், கட்டி கட்டியா.

போன் போட்டா மழையைச் சொல்லுகாரு, கார் டயரைச் சொல்லுகாரு, அடுப்பை மட்டும் சொல்லல. பாக்கி காசு நான் குடுக்கல. சொரண்டி எடுத்துட்டு திரும்ப ஊத்தித் தாறேன்னு இப்ப எறங்கி வந்திருக்காரு, எண்ணெய் கெட்டிலும் தெர்மாமீட்டரும் வண்டியில ஏறுன போட்டோ அனுப்புங்க, பிறகு கேட்டைத் திறக்கேன்னு சொல்லியிருக்கேன். போட்டோ இன்னும் வரல.